தூவல்முடி அரண்மனையில் விடைபெறும் முறை

கோவிந்தாபுரத்துக்கு வடக்கே, காரைப்பள்ளம் கோவிலகம் என்னும் ஜமீன் வீட்டுக்குச் சொந்தமான நிலத்தைப் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, உழுதுகொண்டிருந்த பொங்கியண்ணனுக்குச் சரித்திரம் தெரியாது. அது ஒரு குறை என்று அவருக்கு மீசை நரைக்கும்வரை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. கடைசியில் சொன்னவர் கோவிலகத்தின் காரியஸ்தர் சாத்துண்ணி மேனோன்.

மேனோன் சென்னைப் பட்டணத்துக்குப் போய் ஒரு சொற்பொழிவு கேட்டுவிட்டு வந்திருந்தார். பழைய ராஜாக்களின் நகரங்களையும் அரண்மனைகளையும் கண்ணால் பார்க்காத குடியானவன் அரை மனிதன் என்று அதில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். வந்த வாரமே 'ராஜநகர தரிசன சபை' என்று ஒன்றைத் தொடங்கினார். அதன் தலைவர் மேனோன். செயலாளர் மேனோன். வழிகாட்டியும் அவரே. உறுப்பினர்கள் மட்டும்தான் இல்லை. கோவிலகத்தின் குடியானவர்கள் அத்தனை பேரும் உறுப்பினர்கள் என்று ஒரு காலையில் தமுக்கடித்துச் சொன்னதும் அந்தக் குறையும் தீர்ந்தது.

குடியானவர்களைக் கோவிலகத்து முற்றத்தில் நிற்கவைத்து மேனோன் பேசினார்.

"நீங்கள் உழுகிறீர்கள். மாடும் உழுகிறது. உங்களுக்கும் மாட்டுக்கும் என்ன வித்தியாசம்? சரித்திரம்தான் வித்தியாசம். மாடு யாத்திரை போகாது. நீங்கள் போகப்போகிறீர்கள். மோட்டார் பஸ் பேசியாகிவிட்டது. வருகிற திங்கட்கிழமை புறப்பாடு."

பொங்கியண்ணன் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "ஏனுங்க எசமான், கடலக்கா பறிக்கற பதத்துல நிக்குதுங்க. இன்னொரு மழை விழுந்துட்டா மண்ணுக்குள்ளயே மொளச்சுப் போயிருமுங்க. பறிச்சுப் போட்டுட்டு வந்தர்றமுங்களே."

"கடலைக்காய் வருஷா வருஷம் விளையும், பொங்கியண்ணா. சாம்ராஜ்யங்கள் அப்படி விளையாது" என்றார் மேனோன்.

"அதுல கோவிலகத்துப் பங்கும் இருக்குதுங்க."

"கோவிலகம் கடலைக்காயைப் பார்க்கவில்லை. உங்கள் அறிவைப் பார்க்கிறது. வர இஷ்டமில்லாதவர்கள் வரவேண்டாம். ஒருவரையும் வற்புறுத்துவதாக இல்லை. அடுத்த வருஷத்துப் பாட்டச் சீட்டு எழுதும்போது அவர்களைப் பற்றிக் கோவிலகம் கொஞ்சம் யோசிக்கும், அவ்வளவுதான்."

அதன்பிறகு ஒருவரும் கடலைக்காயைப் பற்றிப் பேசவில்லை. மனைவியரும் கட்டாயம் வரவேண்டும், இல்லாவிட்டால் வீட்டில் பாதி சரித்திரம்தான் சேரும் என்று மேனோன் கடைசியாகச் சொன்னார். ஆள் வைத்துப் பறிக்கச் சொல்லிவிட்டுப் போகலாம் என்றால், பறிக்கத் தெரிந்த அத்தனை பேரும் யாத்திரை போகிறவர்களாகவே இருந்தார்கள்.

"எத்தனை நாளுங்க?" என்று கேட்டாள் பொங்கியண்ணனின் மனைவி கருப்பாத்தாள், அவர் வீட்டுக்கு வந்ததும்.

"ஒரு வாரம்னாரு."

"மானம் அதுவரைக்கும் பொறுக்குமா?"

பொங்கியண்ணன் வாசலுக்கு வந்து கிழக்கே பார்த்தார். வானம் இன்னும் தன் யோசனையைச் சொல்லாமல் இருந்தது.

திங்கட்கிழமை பஸ் புறப்பட்டது. முன்னால் ஒரு பச்சைக் கொடி கட்டியிருந்தது. பொங்கியண்ணனுக்குப் பக்கத்தில் அடுத்த தோட்டத்துக்காரர் குப்பண்ணன் உட்கார்ந்தார். ஆள் இரண்டு பேர் அகலம். கூடவே ஒரு மூட்டை முறுக்கு வைத்திருந்தார். பொள்ளாச்சி தாண்டி உடுமலைக்கும் அப்பால், மலையடிவாரத்தில் ஒரு மேட்டுக்குப் பக்கத்தில் மேனோன் பஸ்ஸை நிறுத்தச் சொன்னார். மேட்டில் ஏழெட்டு வெள்ளாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.

"வீரகோடபுரி" என்று கையை நீட்டினார் மேனோன். "ஏழு அடுக்கு மாளிகை. நானூறு தூண்கள். நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்."

எல்லோரும் நன்றாகப் பார்த்தார்கள்.

"எங்கீங்க?" என்றார் குப்பண்ணன்.

"இருந்தது. எதிரிகள் இடித்துவிட்டார்கள். கல்லையெல்லாம் கீழே உள்ளவர்கள் மாட்டுக்கொட்டகைக்கு எடுத்துப் போய்விட்டார்கள். சரித்திர அறிவு இல்லாததால் வந்த வினை. இனி உள்ளே போகலாம். செருப்பைக் கழற்றுங்கள். வாசல் தாழ்வானது, குனிந்து வரவேண்டும்."

மேனோன் ஒரு முட்புதருக்கு முன்னால் குனிந்து, நிமிர்ந்து, அப்பால் போய் நின்றார். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் குனிந்து போனார்கள். குப்பண்ணனுக்கு இடுப்புப் பிடிப்பு. அவர் புதரைச் சுற்றிக்கொண்டு நேராக நடந்து வந்தார்.

"நில்லும்" என்றார் மேனோன். "எங்கே வந்து நிற்கிறீர் தெரியுமா?"

குப்பண்ணன் கீழே பார்த்தார். ஆட்டுப்புழுக்கை இருந்தது.

"மகாராணியின் குளியல் அறை. சுவரைத் துளைத்துக்கொண்டு வந்திருக்கிறீர். போய் வாசல் வழியாக வாரும்."

குப்பண்ணன் திரும்பிப் போய், இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து வந்தார். பிறகு தர்பார் மண்டபத்தில் வெகுநேரம் நின்றார்கள். வெயில் ஏறியது. நிழலுக்கு ஒதுங்கலாமா என்று கருப்பாத்தாள் கேட்டதற்கு, கூரை வேயப்பட்ட மண்டபத்துக்குள் வெயில் எப்படி வரும் என்று மேனோன் திருப்பிக் கேட்டார்.

இரண்டாவது ராஜநகரம் கம்பத்துக்கு இப்புறம் ஒரு சின்ன ஊர். அங்கே அரண்மனை நின்றுகொண்டிருந்தது, பாதிதான் என்றாலும். ராஜவம்சத்தாரின் பொருள்களைக் கயிறு கட்டி அதற்குப் பின்னால் வைத்திருந்தார்கள். எச்சில் துப்புகிற ஒரு படிக்கம், பிடி உடைந்த ஒரு வாள், பஞ்சு போன ஒரு மெத்தை. கடைசியில் ஒரு நாற்காலியும் அதில் ஒரு கிழவரும் இருந்தார்கள். கிழவர் சரிகைத் தலைப்பாகை வைத்து, சட்டையில்லாமல் இருந்தார்.

"இவர்தான் இந்த வம்சத்தின் இப்போதைய அரசர்" என்றார் மேனோன். "இவருடைய முன்னோர் ஒரே வீச்சில் யானையின் துதிக்கையை வெட்டியவர். அந்த வீரம் இந்தக் கண்களில் ஒளிர்வதைக் கவனியுங்கள். யாரும் கயிற்றைத் தாண்டக்கூடாது."

மேனோன் படிக்கத்தைப் பற்றி விளக்க நகர்ந்ததும் கிழவர் கருப்பாத்தாளைப் பார்த்துத் தாழ்ந்த குரலில், "அம்மா, திங்க ஏதாச்சும் வச்சிருக்கியா?" என்றார்.

கருப்பாத்தாள் குப்பண்ணனின் மூட்டையிலிருந்து முறுக்கு எடுத்துக் கொடுத்தாள். அரசர் கடவாய்ப் பல்லால் கடித்தார்.

"நீங்க ஊட்டுக்குப் போறதில்லீங்களா?" என்று கேட்டாள் அவள்.

"இதுதாம்மா வீடு. ஆள் பாக்க வர்ற நேரம் பூரா இதுலயே உக்காரணும். எந்திரிச்சா மானேசர் சத்தம் போடுவான்" என்றவர் கொஞ்சம் தயங்கிக் கேட்டார். "உங்க பஸ்ஸுல ஒரு எடம் இருக்குமா?"

கருப்பாத்தாள் பதில் சொல்லுமுன் மேனோன் திரும்பி வந்துவிட்டார். அரசர் முறுக்கைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு கண்களில் வீரத்தை வரவழைத்துக்கொண்டார்.

மூன்றாவதுதான் யாத்திரையின் சிகரம் என்று மேனோன் சொன்னது பொய்யாகவில்லை. பஸ் குமுளி வழியாக மலையேறி, பீர்மேடு தாண்டி, ஏலப்பாறைக்கும் மேலே போனது. தேயிலைத் தோட்டங்களின் நடுவே பெரிய கல் மதிலும் இரும்புக் கதவுமாகத் தூவல்முடி அரண்மனை நின்றது. பஸ்காரர் கதவுக்கு வெளியிலேயே ஆட்களை இறக்கிவிட்டு வண்டியைத் திருப்பினார்.

"நீ உள்ளே வரவில்லையா?" என்று கேட்டார் மேனோன்.

"அங்க போனா எப்ப திரும்புவோம்னு சொல்ல முடியாதுங்க. எனக்கு நாளைக்குக் கம்பத்துல சவாரி இருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் போனார். அந்தப் பேச்சை அப்போது யாரும் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

அரண்மனைக் காரியக்காரர் பரமுப்பிள்ளை கதவருகே வந்து ஒவ்வொருவருக்கும் பன்னீர் தெளித்தார். குடுமியும் வெள்ளை அங்கியுமாக, கண்ணில் ஈரம் கசியும் மனிதர். அவர்களைத் தர்பாருக்கு அழைத்துப் போனார். நடுவில் சிவப்பு வெல்வெட்டுப் போட்ட சிம்மாசனம் காலியாக இருந்தது. மேலே தம்புரானின், அதாவது அந்தச் சீமை ராஜாவின், படம். வந்தவர்கள் ஒவ்வொருவராகப் படத்துக்கு முன்னால் போய், தன் பேரும் ஊரும் சொல்லி, வணங்கி நின்றார்கள். சேவகன் ஒருவன் ஒவ்வொரு பேருக்கும் சங்கு ஊதினான்.

"மிகவும் சந்தோஷம்" என்றார் பரமுப்பிள்ளை. "இப்போது நீங்கள் தம்புரானின் திருமுன் வந்த விருந்தாளிகள். இனி தம்புரான் தம் கையால் வெற்றிலை தந்து விடை கொடுத்த பின்னர்தான் இந்த மதிலைத் தாண்டலாம். விடை பெறாமல் ஒரு விருந்தாளி வெளியே போனதென்பது இந்த அரண்மனையில் இதுவரை நடந்ததில்லை, கேட்டீர்களோ."

மேனோனுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அவர் குடியானவர்கள் பக்கம் திரும்பிக் கைகளை விரித்தார். "கேளுங்கள், இதல்லவா ராஜரீகம்! நம் ஊரில் மழைக்கு ஒதுங்கியவன்கூடச் சொல்லாமல் எழுந்து போகிறான். இங்கே ஒருவன் போவதற்கும் ஒரு முறை இருக்கிறது. இந்த முறையை மாற்றவே கூடாது. ஓர் எழுத்துக்கூட மாற்றக்கூடாது. இப்படிப்பட்ட முறைக்குள் வாழக் கிடைக்காதா என்று என் உள்ளம் ஏங்குகிறது."

பரமுப்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இப்படி ஒரு ராஜபக்தரை நான் கண்டதில்லை."

"சரிங்க, ராசா எங்கீங்க?" என்றார் பொங்கியண்ணன்.

"தம்புரான் எழுந்தருளியிருப்பது சென்னையில். குதிரைப் பந்தயம் நடக்கிறது. வருவார்."

"எப்பங்க?"

"அதைக் கேட்பது வழக்கமில்லை."

அன்றைக்குக் கஞ்சியும் சுட்ட அப்பளமும் கொடுத்து நீளமான ஒரு கொட்டகையில் படுக்கவைத்தார்கள். மறுநாளும் கஞ்சி. தம்புரான் வரவில்லை. அதற்கடுத்த நாள் காலையில் பரமுப்பிள்ளை கொட்டகைக்கு வந்து, விருந்தாளிகளைக் கூட்டிவைத்துப் பேசினார்.

"விருந்தாளி ஒருவர் சும்மா உட்கார்ந்திருந்தால், அரண்மனை அவரைக் கவனிக்கவில்லை என்று பொருளாகும். அது தம்புரானுக்கு அவமானம். ஆகையால் இங்கே நாங்கள் விருந்தாளிகளைச் சும்மா இருக்க விடுவதில்லை. இது எங்கள் உபசாரம்."

சேவகர்கள் ஆளுக்கொரு மூங்கில் கூடை கொடுத்தார்கள். கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டி, கூடையை முதுகில் தொங்கவிட வேண்டும் என்று சொல்லியும் கொடுத்தார்கள். மதிலுக்குள்ளேயே மலைச்சரிவு பூராவும் தேயிலை. அதில் இரண்டு இலையும் ஒரு கொழுந்துமாகக் கிள்ளிப் போட வேண்டும். நிரம்பிய கூடையை எடை பார்த்து வாங்கிக்கொண்டார்கள். எடை குறைந்தவர்களுக்கு உபசாரம் போதவில்லை என்று வருத்தப்பட்டு, மறுநாள் கூடுதல் நேரம் உபசரித்தார்கள். மேனோனுக்குத் தனி மரியாதை. அவர் தர்பாரில் இருந்த படங்களுக்குத் தூசி தட்டினார்.

சரிவில் ஏற்கெனவே நிறையப் பேர் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். கருப்பாத்தாளின் நிரையில் நின்ற ஒரு பெண்பிள்ளை அவள் கிள்ளுகிற விதத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் வந்து நகத்தை எங்கே வைக்க வேண்டும் என்று காட்டினாள். பேர் முத்துப்பேச்சி. திருநெல்வேலிப் பக்கம்.

"நீங்களும் அரமன பாக்க வந்தவியளா?" என்று கேட்டாள்.

"ஆமாங்க. நீங்க?"

"நாங்க பட்டாபிசேகம் பாக்க வந்தோம். ஒரு கங்காணி கூட்டியாந்தாரு. வாற சனத்துக்கெல்லாம் சேல துணி உண்டும்னாரு. எம் மவ அப்ப வயித்துல இருந்தா. இப்ப அந்தா, மேல் நிரையில கொழுந்து எடுக்கா பாருங்க."

கருப்பாத்தாள் மேல் நிரையைப் பார்த்தாள். பாவாடை தாவணி கட்டிய பெண் ஒருத்தி நிமிராமல் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"பட்டாபிசேகம் நடந்துச்சுங்களா?"

"நடந்திருக்கும். எங்களுக்கு எப்படித் தெரியும்? நாங்க உள்ளல்லா இருந்தோம்."

"போறமுன்னு கேக்கலீங்களா?"

"கேக்காம இருப்பமா? அந்தப் பிள்ளைவாளு நல்ல மனுசன். ஒரு தரங்கூட முடியாதுன்னு சொன்னதில்ல. தம்புரான் வரட்டும்னுதான் சொல்லுவாரு" என்று சொல்லிவிட்டு முத்துப்பேச்சி அடுத்த செடிக்கு நகர்ந்தாள்.

கருப்பாத்தாள் கொழுந்து கிள்ளுவதை நிறுத்தினாள். கூடையை இறக்கிவைத்துவிட்டு, இரண்டு நிரை தள்ளி நின்ற கணவரிடம் போய்ச் சொன்னாள். பொங்கியண்ணன் கேட்டுக்கொண்டார்.  பாட்டச் சீட்டுக்குப் பயந்து பஸ் ஏறியவர், ஏறின இடத்திலிருந்து இறங்க முடியாத ஒரு வண்டியில் உட்கார்ந்திருப்பதுபோல உணர்ந்தார்.

அன்று மாலை அவர் கதவுக்குப் போனார். காவல்காரன் ஓர் அடி தள்ளி நின்று சலாம் வைத்தான். பிறகு கதவைச் சாத்தினான். இரண்டிலும் குறை சொல்ல முடியாது.

மறுநாள் பொங்கியண்ணனுக்கு ஒரு யோசனை தோன்றியது. விறகு வண்டி உள்ளே வருவதற்காகக் கதவு திறந்திருந்த சமயம் பார்த்து, முகத்தை அரண்மனைப் பக்கம் வைத்துக்கொண்டு, பின்னோக்கி நடந்து வெளியே போனார். பின்னால் கண் இல்லாததால் மெதுவாகத்தான் போக முடிந்தது. கதவைத் தாண்டி நாலு எட்டு வைத்துவிட்டார். அப்போது காவல்காரன் அவர் முகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கவனித்தான்.

"யாரோ விருந்தாளி வருகிறார்" என்று உள்ளே குரல் கொடுத்தான்.

பரமுப்பிள்ளை ஓடிவந்து பன்னீர் தெளித்தார். "அரண்மனையை இரண்டாம் முறை பார்க்க வருபவர்கள் அபூர்வம். உள்ளே வாரும்" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனார். படத்துக்கு முன்னால் நிறுத்தி மறுபடி பேர் சொல்லவைத்தார்கள். மறுபடி சங்கு ஊதினார்கள். இதனால் பொங்கியண்ணனுக்கு இனி இரண்டு விடை வேண்டும் என்று ஆயிற்று.

பாட்டச் சீட்டு போனாலும் போகட்டும் என்று அவர் மேனோனிடம் போய் நின்றார். மேனோன் ஏணிமேல் நின்று ஒரு முப்பாட்டனாரின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எசமான், நீங்களாச்சும் சொல்லுங்க. உங்க பேச்சைக் கேப்பாருங்க."

"சொன்னேன்" என்றார் மேனோன், ஏணியிலிருந்து இறங்காமல். "கோவிலகத்தில் வேலை கிடக்கிறது, எனக்கு மட்டுமாவது வழி செய்யுங்கள் என்றேன்."

"என்னங்க சொன்னாரு?"

மேனோன் துணியை உதறினார். "இந்த முறையில் ஓர் எழுத்துக்கூட மாற்றக்கூடாது என்று நான் சொன்னதை எனக்கே திருப்பிச் சொன்னார்."

ஒரு வாரம் கடந்தது. அதற்குமேல் எவ்வளவு கடந்தது என்று எண்ணுவதைப் பொங்கியண்ணன் விட்டுவிட்டார். பகலெல்லாம் மூடுபனி. கொட்டகையில் குப்பண்ணன் இளைத்துக்கொண்டே வந்தார். அவருடைய பழைய சட்டைக்குள் இப்போது இன்னொரு குப்பண்ணன் நுழைய இடம் இருந்தது. ஒருநாள் பனி விலகினபோது, கிழக்கே கீழ்நாட்டின் மேல் கருமேகம் கூடி நிற்பதைப் பொங்கியண்ணன் கண்டார். கூடை நிரம்பாமலே அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"மழைங்களா?" என்றாள் கருப்பாத்தாள்.

"கூடுது. இன்னும் ரண்டு நாள் மூணு நாளு."

 மறுநாள் காலையில் கொட்டகை முன்னால் பரமுப்பிள்ளை வழக்கம்போல அரண்மனை மரியாதைகளைப் பற்றிப் பேசி முடித்ததும், கருப்பாத்தாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"சாமி, ஒண்ணு கேக்கலாமுங்களா? இங்க மரியாதை தப்பி நடந்தவங்களை என்ன பண்ணுவீங்க?"

பரமுப்பிள்ளையின் முகம் மலர்ந்தது. இதுவரை ஒரு விருந்தாளியும் இவ்வளவு ஆர்வமாகக் கேட்டதில்லை.

"நல்ல கேள்வி. முன்காலத்தில் தலையை எடுப்பது வழக்கம். இப்போது சர்க்கார் அனுமதி இல்லை. பெரிய தண்டனை என்று பாக்கி இருப்பது ஒன்றுதான். சிம்மாசனத்தில் உட்கார்ந்த துஷ்டனை அந்த நிமிஷமே மதிலுக்கு வெளியே தள்ளி, இனி இங்கே கால் வைக்காதே என்று செண்டை மேளம் கொட்டிச் சொல்லிவிட வேண்டும். தம்புரானின் முப்பாட்டனார் இதைக் கல்லில் வெட்டிவைத்திருக்கிறார். நினைத்துப் பாருங்கள். பிறகு ஆயுள் முழுவதும் அவன் இந்த அரண்மனையைப் பார்க்கவே முடியாது. அந்தப் பாவியின் கதி என்ன?"

"பாவந்தானுங்க" என்றாள் கருப்பாத்தாள்.

பரமுப்பிள்ளை போனதும் அவள் கணவரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தார்.

"ஏனுங்க, கேட்டீங்களா?"

"கேட்டேன் புள்ளே. ராசா குந்தற எடம்."

"ராசா எங்க குந்தறாரு? அவரு குதிரையப் பாத்துட்டுத் திரியறாரு. நீங்க போறீங்களா, நாம் போகட்டுமா?"

பொங்கியண்ணன் எழுந்தார். தர்பாருக்குள் போகும்வரை கால் சரியாக நடந்தது. வெல்வெட்டைக் கிட்டே பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டார். எங்கே போனாலும் தரையில் உட்கார்ந்தே பழகிய உடம்பு. கோவிலகத்தில் ஒரு பலகையைக்கூட அவர் தொட்டதில்லை. ஏணிமேலிருந்து மேனோன், "பொங்கியண்ணா, என்ன செய்கிறாய்?" என்று கேட்டதும் திடுக்கிட்டுத் திரும்பி, கால் தடுக்கி, அப்படியே சிம்மாசனத்தில் விழுந்தார்.

உள்ளே ஒரு கம்பிச் சுருள் உடைந்திருந்தது. அது குத்தியது. மற்றபடி ஒன்றும் நடக்கவில்லை. இடி விழவில்லை, படம் ஆடவில்லை. எதிரே இருந்த ஜன்னலில் கிழக்கு வானம் தெரிந்தது. மேகம் இன்னும் இறங்கவில்லை. பொங்கியண்ணன் முதுகைச் சாய்த்துக்கொண்டார்.

பரமுப்பிள்ளை வந்து பார்த்துத் தலையில் கை வைத்தார். அவர் அழுதது நிஜம். "நல்ல குடியானவன் என்று நினைத்தேனே. இரண்டாம் முறை பார்க்க வந்தவன் ஆச்சே" என்று தழுதழுத்தார். சேவகர்கள் பொங்கியண்ணனைப் பிடித்து எழுப்பினார்கள். செண்டை கொட்டியது. காவல்காரன் இரும்புக் கதவை அகலத் திறந்தான். "தூவல்முடிச் சீமையில் இனி நீ கால் வைக்கக்கூடாது" என்று பரமுப்பிள்ளை உரக்கச் சொன்னார்.

"சரிங்க" என்றார் வெளியே நின்ற பொங்கியண்ணன்.

பரமுப்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு தர்பாருக்குத் திரும்பியபோது சிம்மாசனத்தில் கருப்பாத்தாள் இருந்தாள். அவளுக்குப் பின்னால் குப்பண்ணன் நின்றார். குப்பண்ணனுக்குப் பின்னால் யாத்திரைக்காரர் எல்லோரும் நின்றார்கள். கருப்பாத்தாளுக்குச் செண்டை கொட்டியாயிற்று. குப்பண்ணன் உட்கார்ந்தார், ஆனால் எழுந்திருக்கவில்லை. "சித்த இருங்க, இடுப்புக்கு நல்லா இருக்குது" என்றார். அவரைத் தூக்க நாலு சேவகர்கள் வேண்டியிருந்தது.

"அந்த ஆசனத்தை எடுத்து அறையில் வைத்துப் பூட்டினால் என்ன?" என்று ஒரு சேவகன் காரியக்காரரின் காதில் கேட்டான்.

"சிம்மாசனத்தை நகர்த்தத் தம்புரானின் கட்டளை வேண்டுமே" என்றார் பரமுப்பிள்ளை.

செண்டைச் சத்தம் தேயிலைச் சரிவுக்குக் கேட்டது. முதலில் முத்துப்பேச்சி, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு, கூடையோடு வந்தாள். வாசலில் நின்று வரிசையைப் பார்த்தாள். கதவுக்கு வெளியே கருப்பாத்தாள் சாலையில் நிற்பதையும் பார்த்தாள்.

"இம்புட்டுத்தானா?" என்றாள்.

கூடையை இறக்கி வைத்துவிட்டு வரிசையில் நின்றாள். அவளுக்குப் பின்னால் சரிவே இறங்கி வந்தது. பட்டாபிஷேகம் பார்க்க வந்தவர்கள், தேர் பார்க்க வந்தவர்கள், யானை பார்க்க வந்தவர்கள் எல்லோரும் வந்தார்கள். ஒவ்வொருவராக உட்கார்ந்து எழுந்தார்கள். கம்பி குத்துகிற இடத்தை முன்னால் போனவர் பின்னால் வந்தவருக்குச் சொல்லிவிட்டுப் போனார். பரமுப்பிள்ளைக்குத் தொண்டை கட்டிப்போய், கடைசியில் கையசைத்தே நாடுகடத்தினார்.

தர்பார் காலியானது. மேனோன் ஏணியிலிருந்து இறங்கினார். அங்கவஸ்திரத்தை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். சிம்மாசனத்தின் முன் ஒரு கணம் நின்று, தொண்டையைக் கனைத்து, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார்.

செண்டை கொட்டவில்லை. மேனோன் கண்ணைத் திறந்தார். எதிரே பரமுப்பிள்ளை கைகூப்பி நின்றார்.

"மற்றவர்கள் துஷ்டர்கள்" என்றார் பரமுப்பிள்ளை, கட்டிய தொண்டையோடு. "நீர் அப்படியா? இந்த முறைக்குள் வாழக் கிடைக்காதா என்று ஏங்கியவர் அல்லவோ. அவர்கள் செய்த பாவத்தைக் கண்டு மனம் கலங்கி, என்ன செய்கிறோம் என்று தெரியாமல் உட்கார்ந்துவிட்டீர். ராஜபக்தி தெளிவாகத் தெரிந்தவரை மன்னிக்கக் காரியக்காரருக்கு அதிகாரம் உண்டு. மன்னித்தேன். எழுந்திரும்."

"தெரிந்துதான் உட்கார்ந்தேன்" என்றார் மேனோன்.

"உமது பெருந்தன்மை உம்மை அப்படிச் சொல்லவைக்கிறது."

மேனோன் எழுந்து, இன்னொரு முறை உட்கார்ந்தார். இன்னொரு முறை மன்னிக்கப்பட்டார். காவல்காரன் இரும்புக் கதவைச் சாத்தினான். சேவகன் ஒருவன் முத்துப்பேச்சி விட்டுப்போன கூடையை எடுத்துவந்து மேனோனின் கையில் கொடுத்தான்.

வெளியே சாலையில் கூட்டம் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றது. பாதிப் பேருக்குப் போவதற்கு ஊர் இருக்கிறதா என்பதே நிச்சயமில்லை. முத்துப்பேச்சி சாலையின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, மகளுடைய தலைமுடியைச் சரிசெய்தாள்.

"கடலக்கா பறிப்பீங்களா?" என்று அவளிடம் கேட்டாள் கருப்பாத்தாள்.

"பறிச்சதில்ல. சொல்லிக் குடுங்க, பறிக்கோம்."

எல்லோரும் இறங்கி நடந்தார்கள். குமுளிக்குக் கீழே மாட்டுவண்டிகள் கிடைத்தன, அப்புறம் ஒரு லாரி. காரைப்பள்ளத்துக் காட்டில் முதல் தூறல் விழுந்தபோது ஒவ்வொரு தோட்டத்திலும் ஆட்கள் குனிந்து நின்றார்கள். கொழுந்து கிள்ளிய விரல்களுக்குக் கொடியைப் பிடுங்குவது சிரமமாக இல்லை. ஓரத்தில் நாலு பாத்தி முளைத்துப் போனது, மற்றதெல்லாம் வீடு வந்து சேர்ந்தது. முத்துப்பேச்சியும் மகளும் பொங்கியண்ணனின் தோட்டத்துக் கொட்டகையில் தங்கினார்கள். அடுத்த அமாவாசைக்கு ஊருக்குப் போய்ப் பார்ப்பதாக அவள் சொன்னாள். அவளை யாரும் அதற்குள் போகச் சொல்லவும் இல்லை, போகக்கூடாது என்று சொல்லவும் இல்லை.

கோவிலகத்துக்குச் சேரவேண்டிய கடலைக்காயை வண்டியில் ஏற்றிக்கொண்டு பொங்கியண்ணன் போனபோது, முற்றத்தில் புதுக் கணக்கர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மூட்டைகளை இறக்கச் சொல்லிவிட்டு அவர் கேட்டார்.

"எல்லாரும் வந்துட்டீங்க. மேனோன் எசமான் மட்டும் ஏன் இன்னும் வரலே?"

பொங்கியண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எங்களையெல்லாம் தொரத்திட்டாங்க" என்றார். "அவருக்கு மட்டும் மன்னிப்புக் கெடைச்சிருச்சுங்க."